இன்ஸ்டாவைப் பூட்டித் தாங்க அண்ணே: கடையில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

மைய நூலகத்துக்கு எதிரே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷின். வருகிறவர்களில் பாதிப்பேர் குரூப் 4, எஸ்.ஐ. தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள். டெம்பர்டு ஒட்ட வந்தவர்கள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, "அண்ணே, இந்த இன்ஸ்டாவ நான் திறக்க முடியாதபடி ஏதாவது பண்ணித் தர முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. ஒரே பதிலை ஒரே நாளில் நாலு தடவை சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

எதுல ஆரம்பிக்கணும்னே தெரியல அண்ணே

எவ்வளவு நேரம் போகிறது என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டுமே 2018-ல் வந்தவை, இன்றைக்கு ஏறக்குறைய எல்லா போனிலும் இருக்கின்றன. ஒரு நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள். மொத்த மணி நேரத்தைவிட இரண்டு விஷயம் முக்கியம்: எந்த ஆப், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தீர்கள்.

ஒரு தம்பி "அரை மணி நேரம்தான் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்து காட்டினான். 4 மணி 10 நிமிஷம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "போன் தப்பாக் காட்டுதுண்ணே" என்றான். தப்பாகக் காட்டவில்லை.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டா போதாதா?

சிலருக்குப் போதும், அதனால் முதலில் அதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஆப்பை எடுத்தால் அக்கவுண்ட் போகாது, படங்கள் போகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. சில போன்களில் ஃபேஸ்புக் ஆப் போன் கம்பெனியிலிருந்தே பதிந்து வரும், அதை அழிக்க முடியாது. ஆப் இன்ஃபோவுக்குள் போய் டிசேபிள் கொடுத்தால் ஐகான் மறைந்துவிடும்.

நான் எடுத்தபோது இன்ஸ்டா இருந்த இடத்துக்குக் கால்குலேட்டரை நகர்த்தி வைத்தேன். அந்த வாரம் முழுக்க, கஸ்டமர் இல்லாத நேரத்தில் போனை எடுத்தால் கால்குலேட்டர் திறந்திருக்கும். நான் திறந்ததாக நினைவே இருக்காது, கட்டை விரல் தானாகப் போய்த் தொட்டிருக்கும். பழக்கம் மூளையில் இருக்கிறது என்கிறார்கள், என் அனுபவத்தில் அது விரலில் இருக்கிறது. ஆனால் பிளே ஸ்டோரிலிருந்து திரும்ப இறக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. எட்டாவது நாள் ராத்திரி நானே இறக்கினேன்.

டைமர் வச்சேன், முடிஞ்சதும் நானே போய் எடுத்துடுறேன். அப்புறம் எதுக்கு டைமர்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, மற்ற பதில்களெல்லாம் இதற்கு வால்தான். ஆண்ட்ராய்டு டைமர் முடிந்தால் ஐகான் சாம்பல் நிறமாகும், ஆனால் செட்டிங்ஸுக்குப் போய் எடுத்துவிடலாம், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. ஐபோனில் இன்னும் மோசம், அந்தத் திரையிலேயே "இன்றைக்கு விட்டுவிடு" என்று ஒரு பொத்தான் இருக்கும். பீரோவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது மாதிரி.

பூட்டுகிற ஆளும் திறக்கிற ஆளும் ஒருவர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குத் தெளிவாக உட்கார்ந்து டைமர் வைத்தவர் வேறு, ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டு "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பவர் வேறு. சாவி இரண்டாமவர் கையில் இருக்கக் கூடாது.

சபரிமலைக்கு மாலை போட்டவரைப் பார்த்திருப்பீர்கள். வருஷம் முழுக்க சிகரெட்டை விட முடியாதவர், 41 நாள் தொடாமல் இருப்பார். பக்தி பாதி. மீதிப் பாதி, பெட்டிக்கடையில் போய் நின்றாலே கடைக்காரர் "என்ன சாமி?" என்று கேட்பது. அவர் விரதத்தை ஊரே சேர்ந்து காவல் காக்கிறது. போனுக்கும் அப்படி வெளியே ஒரு ஆள் வேண்டும்.

சரி, ஐபோன்ல எப்படிப் பூட்டணும்?

ஸ்கிரீன் டைமுக்குத் தனியாக ஒரு பாஸ்கோடு உண்டு, போனைத் திறக்கிற பாஸ்கோடு வேறு, இது வேறு. அந்த 4 இலக்கத்தை நீங்கள் பார்க்காமல் இன்னொருவர் போட வேண்டும். ஆப் லிமிட்ஸில் சோஷியல் என்ற வகையையே தேர்ந்தெடுத்து நேரம் கொடுங்கள், "பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்" என்பதை ஆன் செய்யுங்கள். அதை ஆன் செய்யாவிட்டால் பாஸ்கோடு இருந்தும் பிரயோஜனம் இல்லை, பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆப்பே வேண்டாம் என்றால் அழித்துவிட்டு, கன்டென்ட் அண்ட் பிரைவசி பகுதியில் புது ஆப் இறக்குவதை நிறுத்தி வைக்கலாம். பாஸ்கோடு மறந்தால் மீட்க ஆப்பிள் ஐடி கேட்கும், அதை உங்கள் ஐடியாகக் கொடுத்தால் ராத்திரி பதினொன்றரை ஆள் அந்த வழியாக வந்துவிடுவார். கொடுக்காமல் விட்டு, பாஸ்கோடு வைத்திருப்பவரும் மறந்துவிட்டால் போனை முழுசாக ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். அதனால் வைத்திருப்பவர் எழுதி வைக்கட்டும். என்னிடம் கொடுத்தவர்களுடையதை வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இப்போதைக்கு 11 பேர்.

ஆண்ட்ராய்டுல அந்த மாதிரி கிடையாதா?

டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஃபோகஸ் மோடு இருக்கிறது, குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட ஆப்களை நிறுத்தி வைக்கும். ஆனால் அதற்கும் பாஸ்வேர்டு இல்லை. அதனால் ஆண்ட்ராய்டில் தனியாக ஒரு தடுப்பு ஆப் போட வேண்டும். ஸ்டேஃப்ரீ, ஆப்பிளாக் (AppBlock), ஸ்கிரீன்ஜென் எல்லாம் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. ஆப்பிளாக்கில் ஸ்ட்ரிக்ட் மோடு என்று ஒன்று உண்டு, ஆன் செய்துவிட்டால் உங்களாலேயே நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது.

முழுசாகப் பூட்டப் பயமாக இருந்தால் ஒன் செக் (one sec) என்ற ஆப் இருக்கிறது. இது தடுப்பதில்லை. நீங்கள் இன்ஸ்டாவைத் தொட்டதும் ஒரு மூச்சு இழுத்துவிடச் சொல்லும், அப்புறம் "இப்போதும் திறக்கணுமா?" என்று கேட்கும். அவ்வளவுதான். 2023-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் இதை வைத்து 6 வாரம் நடத்திய ஆய்வு வெளிவந்தது, அந்த இடைவெளி வந்தபோது 36 சதவீதம் தடவை ஆட்கள் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்களாம். மூன்றில் ஒரு தடவை நாம் உண்மையில் பார்க்க ஆசைப்பட்டே திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? என் கால்குலேட்டர் கதைதான்.

அந்த ஆப் அக்சஸிபிலிட்டி பர்மிஷன் கேக்குது, குடுக்கலாமா? குடுத்தா பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது

நல்ல கேள்வி, பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்தால் திரையில் இருப்பதை அந்த ஆப் படிக்க முடியும். பண மோசடிக்காரர்கள் ஆசைப்படுவதும் இதே அனுமதிக்குத்தான், அதனால்தான் சில வங்கி ஆப்கள் இதைப் பார்த்தவுடன் முரண்டு பிடிக்கின்றன. யாரோ அனுப்பிய ஏ.பி.கே. ஃபைலுக்கு (பிளே ஸ்டோருக்கு வெளியே வருகிற ஆப் ஃபைல்) இந்த அனுமதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ரொம்ப நாளாக இருக்கிற, நிறையப் பேர் பயன்படுத்துகிற ஆப் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வங்கி ஆப் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். ஆப்பை அழித்து, கீழே குரோம் கேள்விக்குச் சொல்லியிருக்கிற பாஸ்வேர்டு வழிக்குப் போங்கள், எந்த அனுமதியும் வேண்டாம்.

பாஸ்கோடை யார்கிட்ட குடுக்கறது? வீட்டம்மாகிட்ட குடுக்கலாமா?

வேண்டாம் சார். ஒருவர் கொடுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி கேட்டிருக்கிறார், அந்தம்மா மாட்டேன் என்றிருக்கிறார், பேச்சு எங்கெங்கோ போய் 2014-ல் வாங்கிய ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்து நின்றதாம். மறுநாள் காலையில் இரண்டு பேருமாகக் கடைக்கு வந்து பாஸ்கோடை என்னிடம் மாற்றினார்கள்.

ராத்திரி பக்கத்தில் இல்லாத ஆள், கேட்க உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிற ஆள், இதை ஊரில் சொல்லிச் சிரிக்காத ஆள். பழைய வாத்தியார், படிப்பு வட்டத்தில் மூத்த அக்கா, சித்தப்பா, இப்படி யாராவது. அவர்களிடம் கொடுப்பது ஸ்கிரீன் டைம் பாஸ்கோடோ தடுப்பு ஆப்பின் பாஸ்வேர்டோ மட்டும்தான். போன் லாக், யூ.பி.ஐ. பின், ஈமெயில் பாஸ்வேர்டு எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.

ஆப் இல்லைன்னாலும் குரோம்ல போய்ப் பாக்குறேனே?

எல்லாருமே முதல் வாரத்தில் கண்டுபிடிக்கிற ஓட்டை இது. ஐபோனில் வெப் கன்டென்ட் பகுதியில் இன்ஸ்டாகிராம் தளத்தைத் தடை பட்டியலில் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டில் மேலே சொன்ன தடுப்பு ஆப்களில் பலவும் தளங்களையும் சேர்த்தே அடைக்கும்.

அனுமதி எதுவும் கொடுக்க விருப்பமில்லை என்றால் இது: பாஸ்வேர்டை 20 எழுத்தில், அர்த்தமே இல்லாமல், மாற்றுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். குரோம் "சேவ் பண்ணவா?" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்கெனவே சேவ் ஆகியிருந்தால் அழியுங்கள். எல்லா இடத்திலும் லாக் அவுட். தாளை அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுங்கள். பார்க்கக் கூடாது என்று இல்லை, எழுந்து போய், விளக்கைப் போட்டு, புடவையைத் தூக்கி, 20 எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்துப் பார்க்கலாம். ஒரு தங்கச்சி இப்படிச் செய்தாள், இரண்டு மாதத்தில் மூன்று தடவைதான் அலமாரி வரைக்கும் போனாளாம். "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" என்ற வழி திறந்துதான் இருக்கும், ஆனால் அதற்கும் நாலு படி இருக்கிறது, பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே சலிப்பு வந்துவிடும்.

யூடியூப்லதான் பாடமே பாக்குறேன். அதை எப்படிப் பூட்டுறது?

பூட்ட வேண்டாம், காலி பண்ணுங்கள். யூடியூப் செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாக வரும், 2023-லிருந்து இப்படி. அந்தப் பக்கத்தில் பரிந்துரை வீடியோ ஒன்றுகூட இருக்காது, நீங்கள்தான் தேட வேண்டும். வரலாறு வகுப்பு பார்க்கப் போனவர் சமையல் சண்டையில் போய் விழுவது இதிலேயே பாதி குறையும்.

பாட வரிசையை பிளேலிஸ்டாகச் சேர்த்துக்கொண்டு அந்த லிங்கை நோட்ஸில் வைத்து அங்கிருந்தே திறங்கள். ஆப்பை டிசேபிள் செய்துவிட்டு நூலகத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் பாடம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் நல்லது.

வாட்ஸப்பை எடுத்தா வீட்லயே பேச மாட்டாங்களே?

எடுக்க வேண்டாம். குரூப்களை "எப்போதும்" என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள், புது மெசேஜ் வந்தாலும் அங்கேயே கிடக்கும். ஸ்டேட்டஸும் சேனலும் ஒரே தாவலில் இருக்கின்றன, சேனல் எல்லாவற்றையும் அன்ஃபாலோ செய்தால் அந்தப் பக்கம் போகக் காரணம் இருக்காது. அம்மா, அப்பா, படிப்பு வட்டம் இந்த மூன்றுக்கு மட்டும் சத்தம் வரட்டும்.

இன்ஸ்டாவ அடைச்சா ஷார்ட்ஸ்க்குப் போயிடுறேன், அதை அடைச்சா ஃபேஸ்புக்

நாட்டுக்கே நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கிறது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ். டிக்டாக் பார்த்த யாரும் அந்த நேரத்தில் புத்தகம் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒவ்வொரு ஆப்பாக அடைக்காதீர்கள், கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகிற எல்லாவற்றையும் ஒரே நாளில் அடையுங்கள். ஐபோனில் சோஷியல் வகையில் யூடியூப் வராமல் போகலாம், தனியாகச் சேர்த்துவிடுங்கள். அதோடு அந்த நேரத்துக்கு வேறு ஒன்றும் வேண்டும். டீ குடிக்கிற பத்து நிமிஷம் கை சும்மா இருக்காது. எங்கள் கடைக்கு வருகிற பையன் ஒருவன் பாக்கெட்டில் நடப்பு நிகழ்வுத் துண்டுத்தாள் வைத்திருக்கிறான், இன்னொருவன் வேர்க்கடலை. வேர்க்கடலைதான் நன்றாக வேலை செய்கிறது என்று கேள்வி.

மனசுல உறுதி இருந்தா போதும், பூட்டெல்லாம் எதுக்குன்னு அப்பா திட்டுறார்

அப்பா காலத்துப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. ரேடியோ ராத்திரி நின்றது. இதற்கு முடிவே இல்லாமல் செய்திருக்கிறார்கள். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற அந்த முறையை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பந்தியில் போதும் என்று இலையை மூடப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தானை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜஸ்டின் ரோசன்ஸ்டைன். அவர் புது ஐபோன் வாங்கியபோது, குழந்தைகளுக்காக இருக்கிற கட்டுப்பாட்டைத் தன் போனில் உதவியாளரை வைத்துப் போடச் சொன்னார், தானே புது ஆப் எதுவும் இறக்க முடியாதபடி. செய்தவருக்கே அடுத்தவர் கையில் சாவி தேவைப்பட்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வாரா தெரியாது.

அக்கவுண்டையே டெலிட் பண்ணிடலாமா?

அவசரப்படாதீர்கள். டீஆக்டிவேட் என்பது தற்காலிகம், திரும்ப லாகின் செய்தால் எல்லாம் அப்படியே வரும். இன்ஸ்டாவில் வாரத்துக்கு ஒரு தடவைதான் அதைச் செய்ய முடியும். டெலிட் கொடுத்தால் 30 நாள் அவகாசம் தருவார்கள், இன்ஸ்டா, ஃபேஸ்புக் இரண்டிலும். அதற்குள் மனசு மாறினால் லாகின் செய்து ரத்து செய்துகொள்ளலாம், அதுவே ஒரு தூண்டில்தான்.

டெலிட் கொடுப்பதற்கு முன் படங்களை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், ஃபேஸ்புக் வழியாக வேறு எந்தெந்த ஆப்பில் லாகின் செய்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அவையும் மாட்டிக்கொள்ளும்.

திரையைக் கருப்பு வெள்ளை ஆக்கினா ஆசை போயிடும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் குறையும். ரீல்ஸ் 1960-ம் வருஷத்துப் படம் மாதிரி தெரியும். ஆனால் இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும், ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறேன். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பாதீர்கள்.

பகல் முழுக்க நல்லா இருக்கேன், ராத்திரி படுத்ததும் போயிடுது

இதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தினசரி டைமர் ராத்திரி 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கும். அரை மணி நேர அளவு வைத்தவர் 11:50-க்குத் தூங்காமல் காத்திருந்து, 12 அடித்ததும் அடுத்த நாள் பங்கை எடுத்துக்கொள்வார். சிரிக்காதீர்கள், மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிக்கு டைமர் உதவாது, நேரத்தடைதான் வேண்டும்: ஐபோனில் டவுன்டைம், ஆண்ட்ராய்டில் தடுப்பு ஆப்பின் அட்டவணை, 9:30 முதல் காலை 6 வரை என்று.

இன்னும் எளிது, சார்ஜரைக் கூடத்தில் மாட்டுங்கள். "அலாரம் வைக்கணுமே" என்பீர்கள். டைம்பீஸ் இன்னும் விற்கிறது.

பட்டன் போனுக்கு மாறிடட்டுமா?

மாறலாம். ஓ.டி.பி. வரும், கால் வரும். பணம் அனுப்ப யூ.பி.ஐ. 123பே என்று பட்டன் போனுக்காகவே 2022-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது இருக்கிறது. வாட்ஸப்பும், ஹால் டிக்கெட் இறக்குவதும்தான் சிக்கல். மூன்று மாதம் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, சிம்மைப் பட்டன் போனில் போடுங்கள், பெரிய போன் வீட்டில் வைஃபையில் கிடக்கட்டும். நூலகத்துக்கு வரும்போது கையில் பட்டன் போன் மட்டும்.

என் சேலை வியாபாரமே இன்ஸ்டாலதான். நான் எப்படிப் பூட்டறது?

அக்கா, மெட்டா பிசினஸ் சூட் என்று தனி ஆப் இருக்கிறது. படம் போடலாம், வருகிற மெசேஜுக்குப் பதில் சொல்லலாம், ரீல்ஸ் ஓடுகிற பக்கம் அதில் கிடையாது. இன்ஸ்டா ஆப்பை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். லைவ் போடுகிற நாளுக்கு மட்டும் வீட்டில் இருக்கிற இன்னொரு போன்.

ஒரு மாசம் நல்லா இருந்தேன், நேத்து பாஸ்கோடு வாங்கி மூணு மணி நேரம் பாத்துட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. பாஸ்கோடை மாற்றிவிட்டு வாங்க. அதோடு எப்போது உடைந்தது என்று பாருங்கள், பெரும்பாலும் ரிசல்ட் வந்த நாள், வீட்டில் சண்டை, காய்ச்சல், இப்படி ஏதாவது இருக்கும். அந்த மாதிரி நாளுக்கு என்று முன்கூட்டியே ஒரு சினிமாவோ ஒரு நண்பனோ வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை முடிஞ்சதும் பாஸ்கோடு திருப்பித் தருவீங்களா?

தருவேன், உங்கள் போன், உங்கள் பாஸ்கோடு. ஒரே ஒரு நிபந்தனை: போனில் கேட்டால் சொல்ல மாட்டேன், நேரில் வர வேண்டும். ராத்திரி 11 மணிக்கு அழைத்து "அவசரம்ணே" என்றவர்கள் யாரும் மறுநாள் காலையில் கடைக்கு வரவில்லை. கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை ராத்திரி ஆசை வந்தால் திங்கட்கிழமை வாங்க.